வானத்தில் இரண்டு குரல்கள்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்காகப் பிரதான மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றியோ, பரீட்சைக் காலத்தில் நித்திரை கொள்வது பற்றியோ பேசுவோம் என்றுதான் விழாக் குழுவினர் நினைத்திருந்தார்கள். விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று செயலாளர் அக்கா கேட்டா. சம்பந்தம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் எங்கள் காலத்து ஆகாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் இந்தக் கல்லூரியில் படித்த தொண்ணூறுகளில் விமானம் என்றால் பயணம் என்ற நினைப்பு எங்களுக்கு வந்ததில்லை. சத்தம் கேட்டால் புத்தகத்தைப் போட்டுவிட்டு பங்கருக்கு ஓடுவோம். இது அவ்ரோ, இது புக்காரா, இது ஹெலி என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அவர்களை ஒருவரும் கேட்டதில்லை. ஓடுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று சொல்லப்போகும் கருவியும் அதையேதான் கேட்கிறது.

பயணிகள் விமானங்களில் இருக்கும் இந்தக் கருவியை விமானிகள் சுருக்கமாக ரீகாஸ் என்பார்கள். போக்குவரத்து எச்சரிக்கை, மோதல் தவிர்ப்பு முறைமை என்று விரித்துச் சொல்லலாம். இது பிறந்ததே விபத்துகளால்தான். 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். "நீ என்னைப் பார், நான் உன்னைப் பார்க்கிறேன்" என்பதே அன்று அந்த வானத்தின் சட்டம். அதே ஐம்பதுகளில் பென்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் மொறெல் என்பவர் எங்கள் பங்கர்க் கேள்வியைக் கணிதமாக எழுதினார். இரண்டு விமானங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை, அவை நெருங்கும் வேகத்தால் வகுக்க வேண்டும். வருவது நேரம். அந்த நேரத்தை வைத்தே எச்சரிக்க வேண்டும் என்றார்.

கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வருகின்றன. நெருங்கும் வேகம் 1,800 கிலோமீற்றர். செக்கனுக்கு 500 மீற்றர். 24 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் ஒரு விமானம் 48 செக்கனில் உங்கள் முகத்துக்கு முன் நிற்கும். 24 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பது கண்ணுக்கு ஒரு புள்ளி. அதுவும் மோதப்போகும் விமானம் கண்ணாடியில் இடம் மாறாமல் ஒரே இடத்தில்தான் நிற்கும். அசையாத புள்ளியைக் கண் கவனிக்காது. கண்ணை மட்டும் நம்பியிருந்த காலம் எவ்வளவு ஆபத்தானது என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரியும்.

ஆனால் கணிதம் இருந்தும் கருவி வர முப்பது வருடங்கள் எடுத்தன. 1986 ஓகஸ்ட் 31 அன்று லொஸ் ஏஞ்சலீசுக்கு அருகே செறிற்றோஸ் என்ற ஊரின் மேல், தரையிறங்க வந்த ஏரோமெக்சிக்கோ விமானமும் ஒரு சிறிய பைப்பர் விமானமும் மோதின. தரையில் இருந்தவர்களோடு சேர்த்து 82 பேர் இறந்தார்கள். அந்தச் சிறு விமானத்தில் தன் உயரத்தைச் சொல்லும் வசதி இருக்கவில்லை. அதன் பிறகுதான் அமெரிக்கா 1987 இல் சட்டம் கொண்டுவந்து, பெரிய பயணிகள் விமானங்கள் எல்லாம் இந்தக் கருவியைப் பொருத்தவேண்டும் என்றது. எங்கள் பக்கத்தில் அதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே சர்கி தாத்ரியின் மேல், 14,000 அடிக்கு ஏற அனுமதி பெற்ற சவூதி ஜம்போ விமானமும், 15,000 அடியில் நிற்கவேண்டிய கசகஸ்தான் விமானமும் மோதின. 349 பேர். வானத்தில் நடந்த மோதல்களில் இன்றுவரை இதுதான் மிகப் பெரியது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன இந்தியத் தொழிலாளர்கள் பலர் அதில் இருந்தார்கள். இரண்டிலும் ரீகாஸ் இல்லை. அதற்குப் பிறகே இந்தியா தன் வானில் அதைக் கட்டாயமாக்கியது.

இனி அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதற்குத் தரையில் உள்ள ராடார் தேவையில்லை. விமானமே விமானத்தைக் கேட்கிறது. ஒவ்வொரு விமானத்திலும் ட்ரான்ஸ்பொன்டர் என்ற, கேட்டால் பதில் சொல்லும் கருவி இருக்கிறது. ரீகாஸ் 1,030 மெகாஹேட்சில் ஒரு கேள்வியை வானில் விடும். மற்ற விமானம் 1,090 மெகாஹேட்சில் தன் உயரத்தோடு பதில் அனுப்பும். ஏறத்தாழ செக்கனுக்கு ஒருமுறை இது நடக்கிறது. வானொலி அலை ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் போகும். ஆகவே கேள்வி போய்ப் பதில் திரும்ப 100 மைக்ரோசெக்கன் எடுத்தால் அந்த விமானம் 15 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பதில் சொல்லும் கருவி யோசிக்க எடுக்கும் நேரம் முன்பே தெரிந்த ஒன்று. அதைக் கழித்துவிடலாம். அடுத்தடுத்த தூரங்களைப் பார்த்தால் நெருங்கும் வேகம் வருகிறது. அடுத்தடுத்த உயரங்களைப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது வருகிறது.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன உபாயம். நெரிசலான வானத்தில் ஒரு கேள்விக்கு எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் ஒன்றும் விளங்காது. பழைய வகை ட்ரான்ஸ்பொன்டர் உள்ள விமானங்களைப் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கூப்பிடவும் முடியாது. ஆகவே ரீகாஸ் முதலில் மெல்லிய குரலில் கேட்கும். கிட்ட உள்ளவர்கள் பதில் சொல்வார்கள். அடுத்தமுறை கொஞ்சம் உரக்கக் கேட்கும்; ஆனால் அதற்கு முன்னே, ஏற்கெனவே பதில் சொன்னவர்களைச் சும்மா இருக்கச் சொல்லும் ஒரு சமிக்ஞையைப் போடும். இப்படிப் படிப்படியாகக் குரலை உயர்த்திக்கொண்டு போகும். இடாப்புக் கூப்பிடும்போது எங்கள் கணித ரீச்சர் செய்ததும் ஏறத்தாழ இதுதான், மெல்லிய குரலைத் தவிர.

புதிய வகை விமானங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 24 பிற் நீளத்தில் ஒரு தனி முகவரி உண்டு. அவை கேட்காமலே செக்கனுக்கு ஒருமுறை "நான் இன்னார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

விமானியின் திரையில் தூரத்தில் உள்ள விமானம் உள்ளே வெறுமையான ஒரு சாய்சதுரம். கிட்ட வந்தால் நிரம்பிய சாய்சதுரம். மோதலுக்கு 20 முதல் 48 செக்கன் இருக்கையில் அது மஞ்சள் வட்டமாகி, "ட்ராஃபிக், ட்ராஃபிக்" என்று ஒரு குரல் ஒலிக்கும். இது எச்சரிக்கை மட்டுமே. தேடிப் பார், ஆயத்தமாக இரு என்று பொருள். எவ்வளவு உயரத்தில் பறக்கிறோமோ அதற்கேற்ப இந்த நேரம் கூடும். சிறிய விமானங்களில் உள்ள எளிய கருவிகள் இந்த இடத்தோடு நின்றுவிடும். பெரிய விமானத்தில் 15 முதல் 35 செக்கன் இருக்கையில் அந்த வட்டம் சிவப்புச் சதுரமாக மாறும். "ஏறு, ஏறு" அல்லது "இறங்கு, இறங்கு" என்று கட்டளை வரும். விமானி 5 செக்கனுக்குள் அதைச் செய்யத் தொடங்கவேண்டும். இடம் வலம் திரும்பு என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. ஏனெனில் தூரத்தையும் உயரத்தையும் நன்றாக அறியும் அந்தக் கருவிக்குத் திசையை அவ்வளவு துல்லியமாக அறிய முடியாது. அறியாததில் அது கட்டளை போடுவதில்லை. வைத்தியர்கள் எங்களுக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

இரண்டு விமானமும் ஒரே நேரத்தில் "ஏறு" என்று கேட்டால் என்ன செய்வது என்று யாரோ பின்வரிசையில் கேட்பது விளங்குகிறது. அதற்குத்தான் அவை தமக்குள் பேசிக்கொள்கின்றன. முதலில் முடிவெடுத்த கருவி "நான் ஏறுகிறேன், நீ ஏறாதே" என்று மற்றதுக்கு அறிவிக்கும். இரண்டும் ஒரே கணத்தில் முடிவெடுத்தால் முகவரி எண் சிறியதாக உள்ளவருடைய முடிவு நிற்கும். மற்றவர் மாற்றிக்கொள்வார். விமானிகள் இருவரும் சொன்னபடி செய்யும்வரை இந்த ஏற்பாட்டில் ஓட்டை இல்லை.

ஒருவர் மட்டும் செய்யாவிட்டால்?

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யாய்சு நகரத்துக்கு அருகே ஒரே நிறுவனத்தின் இரண்டு பெரிய விமானங்கள் நெருங்கின. பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் பறப்பு இலக்கத்தை மாறிச் சொல்லி, மற்றதை இறக்க நினைத்து ஜம்போவை இறங்கச் சொல்லிவிட்டார். ஜம்போவின் ரீகாஸ் அதை ஏறச் சொன்னது. விமானி தரைக் குரலைக் கேட்டு இறங்கினார். மற்ற விமானம் ரீகாஸ் சொன்னபடி இறங்கியது. இரண்டும் இறங்கின. கடைசி நேரத்தில் கண்ணால் கண்டு விலக்கினார்கள். கிட்டத்தட்ட 100 பேர் காயப்பட்டார்கள், ஒருவரும் இறக்கவில்லை. இரண்டிலும் சேர்த்து 677 பேர் இருந்தார்கள்.

17 மாதம் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, தென் ஜேர்மனியில் உயிபர்லிங்கன் என்ற ஏரிக்கரை நகரத்தின் மேல் அதேதான் நடந்தது. இந்தமுறை விலக முடியவில்லை. மொஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போன ருப்பொலெவ் விமானத்தில் 69 பேர். அவர்களில் 52 பேர் பிள்ளைகள். ரஷ்யாவின் ஊஃபா நகரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், விடுமுறைக்குப் போகிறவர்கள். எதிரில் வந்தது இரண்டு விமானிகள் மட்டும் இருந்த ஒரு சரக்கு விமானம். இரண்டும் 36,000 அடியில். அந்த வானத்தை சூரிச்சிலிருந்து ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர் இரண்டு மேசைகளில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் ஓய்வுக்குப் போயிருந்தார். திருத்த வேலை காரணமாக அவருடைய மோதல் எச்சரிக்கையின் ஒரு பகுதி நிறுத்தப்பட்டிருந்தது. தொலைபேசி இணைப்பும் இல்லை. ஆபத்தைத் தங்கள் திரையில் கண்ட பக்கத்து நிலையத்தார் அவரை அழைத்தும் கிடைக்கவில்லை.

பிந்திக் கண்ட அவர், ருப்பொலெவை இறங்கச் சொன்னார். சில செக்கன்களில் அதன் ரீகாஸ் "ஏறு" என்றது. உதவி விமானி, கருவி ஏறச் சொல்கிறதே என்று சொல்லியும் இருக்கிறார். தரையிலிருந்து மீண்டும், விரைவாக இறங்கு என்ற குரல் வந்தது. இறங்கினார்கள். சரக்கு விமானம் தன் ரீகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேரும் இறந்தார்கள்.

விமானியைத் திட்டுவது சுலபம். ஆனால் விசாரணை அறிக்கையை வாசித்தால் அது அவ்வளவு சுலபமில்லை என்று தெரியும். தரைக் குரலும் கருவியும் முரண்பட்டால் எதைக் கேட்பது என்பதில் அன்றைய விதிகளும் கைந்நூல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தன. மனிதக் குரலுக்கு ஒரு பாரம் இருக்கிறது. அது பெயர் சொல்லி அழைக்கிறது, திரும்பவும் சொல்கிறது, அவசரப்படுத்துகிறது. கருவி ஒரே தொனியில் சொல்கிறது. அந்தக் கட்டுப்பாட்டாளருக்கோ, விமானத்துக்குள் வேறொரு குரல் எதிர்மாறாகச் சொல்லிக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது.

2003 இல் சர்வதேச விதி தெளிவாக்கப்பட்டது. சிவப்புக் கட்டளை வந்துவிட்டால், தரை என்ன சொன்னாலும் விமானி கருவியையே பின்பற்றவேண்டும். அதைத் தரைக்கு அறிவிக்கவேண்டும். அறிவித்த கணத்திலிருந்து, ஆபத்து நீங்கியது என்று சொல்லும்வரை, கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் பாதையை மாற்ற முயலக்கூடாது. கருவியின் அடுத்த பதிப்பில், ஒரு விமானம் சொல் கேளாமல் போனால் மற்றதன் கட்டளையை உடனே திருப்பிப்போடும் கணக்கும் திருத்தப்பட்டது.

இனி செயலாளர் அக்காவின் கேள்விக்கு வருவோம்.

நாங்கள் வேலை செய்த ஒரு வைத்தியசாலை. பெயர் வேண்டாம். மகப்பேற்று வாட்டில் ஒவ்வொரு தாயின் கட்டிலிலும் ஓர் எச்சரிக்கை அட்டை தொங்கும். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சுவாசம் எல்லாம் அதில் குறிக்கப்படும். அளவு கொஞ்சம் பிழைத்தால் மஞ்சள் கட்டத்தில் விழும், கூடப் பிழைத்தால் சிவப்பில். ஒரு சிவப்போ இரண்டு மஞ்சளோ வந்தால் மூத்த வைத்தியர் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்பது விதி. நிறங்களைக் கவனித்திருப்பீர்கள்.

23 வயது, முதல் பிள்ளை, சிசேரியன் முடிந்து மூன்று மணித்தியாலம். நாடி 112, அழுத்தம் 96. இரண்டு மஞ்சள். நாங்கள் மூத்தவருக்குத் தொலைபேசி எடுத்தோம். நோவாக இருக்கும், சேலைன் ஏற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் பாருங்கள் என்றது குரல். மூத்த, அனுபவமுள்ள, நாங்கள் மதிக்கும் குரல். பக்கத்தில் நின்ற தாதி, "டொக்டர், அட்டை வேற சொல்லுது" என்றா. எங்களுக்குக் கேட்டது. ஆனாலும் தொலைபேசியில் வந்த குரலைத்தான் கேட்டோம். ஐம்பது நிமிடத்தில் நாடி 138, அழுத்தம் 70. வயிற்றுக்குள் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. தியேட்டருக்குள் கொண்டுபோய்க் கருப்பையை எடுத்துத்தான் அவளைக் காப்பாற்ற முடிந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. அதற்குத் தம்பி தங்கை இல்லை.

பிறகு நடந்த கூட்டத்தில் எல்லோரும் ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு மயக்கமருந்து வைத்திய நிபுணர் ஒன்றும் பேசாமல் ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். அது உயிபர்லிங்கன் அறிக்கை. வாசித்துவிட்டு அடுத்த கிழமை வாருங்கள் என்றார். உதவி விமானி சொன்னதை வாசித்த இடத்தில் எங்களுக்கு அந்தத் தாதியின் குரல் கேட்டது.

அந்த வாட்டில் பிறகு இரண்டு விதிகள் எழுதப்பட்டன. அட்டை சிவப்பைத் தொட்டால், அல்லது இரண்டு மஞ்சள் வந்தால், யாருடைய அனுமதியும் கேட்காமல் தாதியே அவசர அழைப்பை விடலாம். விட்ட அழைப்பை, நோயாளியை நேரில் பார்க்காத எவரும் தொலைபேசியில் நிறுத்த முடியாது. முதல் மாதம் தேவையில்லாத அழைப்புகள் நிறைய வந்தன. இரவில் எழுப்பப்பட்டவர்கள் முணுமுணுத்தார்கள். நாங்களும் முணுமுணுத்தோம். ரீகாசுக்கும் இதே வரலாறு உண்டு. ஆரம்பப் பதிப்புகள் வீணாகக் கத்துகின்றன என்று விமானிகள் சலித்துக்கொண்டார்கள். ஒரு விமானம் தன் உயரத்துக்கு வேகமாக ஏறிவந்து ஆயிரம் அடி கீழே நின்றுவிடப் போகிறது. அது நிற்கும் என்பது கருவிக்குத் தெரியாது. அதற்காகக் கருவியை அணைத்துவிடவில்லை. கணக்கைத் திருத்தினார்கள். கடைசி ஆயிரம் அடியில் மெல்ல ஏறும்படி விமானிகளுக்கும் சொன்னார்கள். எங்கள் அட்டையிலும் சில எல்லைகள் பிறகு திருத்தப்பட்டன.

கருவியை அப்படியே கும்பிடச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் சொல்லாத விமானத்தை அது காணாது. 2006 செப்ரெம்பர் 29 அன்று பிரேசிலின் அமேசன் காட்டின் மேல் மோதிய இரண்டு விமானங்களில் ஒன்றின் ட்ரான்ஸ்பொன்டர் இயங்காமல் இருந்தது. இரண்டு ரீகாசும் வாயைத் திறக்கவில்லை. பெரிய விமானத்தில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். தரைக்கு 1,000 அடிக்குள் வந்துவிட்டால் ஏறு, இறங்கு என்ற கட்டளைகளை அதுவே நிறுத்திவிடும். மலையில் மோதப்போகிறாய் என்ற எச்சரிக்கையும், சிறகு தாங்காமல் விழப்போகிறாய் என்ற எச்சரிக்கையும் அதற்கு மேலே வரும். எந்தக் குரல் எதற்கு மேலே என்று முன்கூட்டியே, பகலில், ஆறுதலாக இருந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

உங்களில் பலருக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் மாமாமார், அன்ரிமார் இருப்பார்கள். 2022 ஜூனில் லண்டனிலிருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் விமானம் ஒன்று, துருக்கி வானில் மேலே ஏறச் சொல்லப்பட்டபோது, அந்த உயரத்தில் வேறொரு விமானம் இருப்பதைத் தங்கள் கருவியில் கண்டு விமானிகள் ஏற மறுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நிறுவனமும் விமானிகளின் விழிப்பைப் பாராட்டி அறிக்கை விட்டது. அந்தச் செய்தியை எங்கள் வாட்டுத் தாதிதான் வெட்டி எடுத்து மருந்து அலுமாரிக் கதவில் ஒட்டினா. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பௌதிகவியல் ரீச்சர் கடிகாரத்தைப் பார்க்கிறா. ஆகவே ஒரு கணக்கோடு விடுகிறோம். ஒரு விமானம் இன்னொன்றின் பின்னால், அதே உயரத்தில், ஒரு கிலோமீற்றர் தள்ளிப் பறக்கிறது. நெருங்கும் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் மட்டுமே. மொறெல் சொன்னபடி வகுத்தால் 200 செக்கன் வரும். கருவி சும்மா இருக்கவேண்டும். ஆனால் அவ்வளவு கிட்ட இருக்கும் விமானம் சட்டென்று திரும்பினால் என்ன ஆகும்? நேரத்தோடு வேறு எதையும் சேர்த்துப் பார்க்கும்படி கருவிக்குச் சொல்லிவைத்திருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள். விடை சொல்ல விரும்புகிறவர்களும், வேறு கேள்வி கேட்க விரும்புகிறவர்களும் கையை உயர்த்துங்கள். மதிய மணி அடிக்கும்வரை இங்கேதான் இருக்கிறோம்.